மஞ்சள் புஷ்பக்

ஜனவரி 3, புதன்

பேரன் தரணி வேலை செய்யும் பம்ப் கம்பெனியில் கொடுத்த டைரி இது. "எனக்கு எதுக்குங்க அம்மாயி, நீங்க எழுதுங்க" என்று நீட்டினான். எழுதுகிறேன். எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். என் மகள் கோகிலா காலேஜ் முடித்தவள். அவள் எழுதிய மளிகைச் சீட்டைக் கடைக்காரன் என்னிடம்தான் காட்டிக் கேட்பான்.

மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு நான் சூலூருக்கு இவர்களோடு வந்துவிட்டேன். வீட்டில் நான், கோகிலா, அவள் மகன் தரணிதரன். மூன்றே பேர். ஆனால் நடு அறையில் நாலாவதாக ஒரு விமானம் படுத்திருக்கிறது. சோபாவை வெளியே போட்டுவிட்டோம்.

அது பொம்மை இல்லை. சொந்தபந்தம், ஒறம்பரை எல்லோரும் பொம்மை பொம்மை என்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். புஷ்பக் என்று நம் நாட்டிலேயே செய்து, ஓட்டப் பழகுகிறவர்களுக்காகப் பறக்கவிட்ட விமானம். அதை நாலில் ஒரு பங்கு அளவுக்கு, ஆணி முதற்கொண்டு அப்படியே செய்கிறான். போட்டியில் முதல் நாள் நடுவர்கள் நிஜ விமானத்தின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். மறுநாள் இவன் கீழே நின்று ரிமோட் பெட்டியால் பறக்கவிட வேண்டும். அதற்குத் தனி மார்க். போன வருடம் இரண்டாம் பரிசு. அதற்கு முந்தின வருடமும் இரண்டாம் பரிசு. இந்த வருடம் முதல் பரிசு. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பச்சைப்பயறு வெயிலில் போட்டேன். வண்டு இருக்கிறது.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப்பொங்கல். காங்கயத்திலிருந்து ஒறம்பரை வந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம் தரணி தண்ணீர்க் குடத்தைக் காலால் தட்டிவிட்டான். குடம் உருண்டு வாசல் கோலமெல்லாம் போயிற்று.

"என்ன மாப்ளே, பொழுதோடயே ஊத்திட்டயா?" என்று கோகிலாவின் நாத்தனார் மகன் சிரித்தான்.

"உன்னைய மாதிரின்னு நெனச்சியா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். "ராப்பகலா விமானம் செய்யறவன். தூக்கம் பத்தல. நீ செஞ்ச ஒரே சாமானம் தொப்பைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தரணியும் சிரித்தான், ஆனால் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான்.

குடத்தைப் பார்த்ததும் என் தம்பி சின்னச்சாமி ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் தட்டிவிடுவான். கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவே அவனுக்காகக் கயிறு கட்டியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு போய் வருவான். அவனுக்குக் கண் போனது சின்ன வயதில் வந்த அம்மையால். எங்கள் குடும்பத்துக் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கு இந்த வயதில் ஊசி கோர்க்கக் கண்ணாடி வேண்டாம்.

ஜனவரி 21, ஞாயிறு

இறக்கைக்குத் துணி ஒட்டியாகிவிட்டது. நிஜப் புஷ்பக்கில் துணி காற்றில் உப்பாமல் இருக்க, உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டை ஒவ்வொன்றோடும் நூலால் தைத்து இறுக்கியிருப்பார்களாம். மேலே குத்தி, கீழே வாங்கி, கட்டையைச் சுற்றி மறுபடி மேலே. அந்தத் தையல் வரிசை வெளியே தெரிய வேண்டும். நடுவர்கள் குனிந்து முதலில் பார்ப்பது அதைத்தானாம்.

காலையிலிருந்து தைத்தான். நான் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குத்த வேண்டிய இடத்தை நகத்தால் தடவித் தடவித் தேடுகிறான். ஊசி விரலில் ஏறி, துணியில் ரத்தப் பொட்டு. தையல் ஓணான் ஓடின மாதிரி போயிருக்கிறது.

இது என்ன பெரிய வித்தை? இலவம்பஞ்சு மெத்தை தைக்கிற தையல். நான் பெரியவளான நாளிலிருந்து தைத்தது. எங்கள் வீட்டுக் கல்யாண மெத்தை எல்லாம் என் கைதான்.

"இக்கட்டால கொண்டா" என்று கையை நீட்டினேன்.

"வேண்டாமுங்க அம்மாயி. செஞ்சவனேதான் ஓட்டோணும்னு ரூல் இருக்குது. வேற ஆள் கை படக்கூடாது."

"நா வேற ஆளாடா?"

"அதில்லீங்…"

"கட்டையறுத்தது நீ, எஞ்சின் பூட்டுனது நீ, பெயின்ட் அடிக்கப் போறது நீ. தையல் போடறது பொம்பளைக வேலை. அதுக்கெல்லாம் எவன் ரூல் போட்டிருப்பான்? நூலக் குடு."

கொஞ்ச நேரம் ஊசியை விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கொடுத்தான்.

"வெளிய சொல்லிராதீங்க அம்மாயி."

"நானென்ன தமுக்கா அடிக்கப் போறேன்?"

அவன் தைத்ததைப் பிரித்துவிட்டு நான் தைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, தைத்த வரிசைமேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். "நேரா இருக்குதுங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது? "நூல் புடிச்ச மாதிரி இருக்குது" என்றேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இரண்டு இறக்கையும் முடிந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்தான். கண்ணைக் குத்துகிற மஞ்சள். "இத்தனை அழுத்தமா எதுக்கு?" என்றேன். "போட்டோல அப்படித்தான் இருக்குதுங்க" என்றான். போட்டோவை நான் பார்த்தேன். அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. பழைய போட்டோ, வெளுத்திருக்கும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

விடிகாலை வெள்ளெனவே குளத்துக்குப் போனோம். தண்ணீர் இல்லாத குளம், நடுவில் வண்டித்தடம் காய்ந்து தார் ரோடு போல இருக்கும். தரணியின் கூட்டாளி அன்வர் வேன் ஓட்டி வந்தான். எஞ்சின் வேலையில் கெட்டிக்காரன். தரணி பைக்கை எடுத்து நாளாகிறது. அன்வர்தான் எங்கேயும் கூட்டிப் போகிறான். நல்ல பையன், பாவம், வாய்தான் ஓயாது.

"அம்மாயி, அக்கட்டால நில்லுங்க. இது பன்னெண்டு கிலோ. உங்க மேல உழுந்தா எங்க ரெண்டு பேரையும் ஊரே சேர்ந்து பொதச்சிரும்."

"என்னைய மொதல்ல பொதைக்கோணுமில்ல."

"உங்களப் பொதைக்க நாள் பாக்கோணும். எங்களுக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

எனக்குப் பொறுமையாக எல்லாம் சொன்னான். ரிமோட் பெட்டியில் சிவப்பாக ஒரு விளக்கு எரியும். அது எரிகிற வரைக்கும் விமானம் சொன்ன பேச்சுக் கேட்கும். பெட்டியை அணைத்துவிட்டால் மேலே எஞ்சினும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தறிகெட்டு ஊருக்குள் போய்விடக் கூடாது என்று. பெட்டியைப் பிடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொடுக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணிலோ கையிலோ கோளாறு இருக்கிறவர்களிடம் போட்டியில் பெட்டியையே கொடுக்க மாட்டார்களாம்.

"எங்க தரணிக்கு என்ன கோளாறு?" என்றேன்.

அன்வர் எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

பறந்தது. எழுத எனக்கு வார்த்தை போதாது. மஞ்சள் இறக்கை திரும்பும்போது என் தையல் வரிசை வெயிலில் மின்னிற்று. கீழே நின்ற எனக்கு அங்கேயிருந்து தெரிந்தது. அன்வர் அவன் காதோரம் பேசிக்கொண்டே இருந்தான், "இப்ப வலது கைப் பக்கம் திரும்பு, இப்ப கொஞ்சம் மேல, போதும், அப்படியே விடு." தரணி விமானத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எங்கேயோ ஓர் இடத்தைப் பார்த்தபடி காதால் கேட்டுக்கொண்டிருந்தான். கை நன்றாகப் பழகினவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள் போலிருக்கிறது.

இறங்கியதும் ஓடிப்போய் அதன் மூக்கைத் தொட்டான். நேராக ஓடவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

கோகிலா அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடி மாற்ற. பொழுதோடு திரும்பி வந்தார்கள். கண்ணாடி எதுவும் வாங்கவில்லை. சாப்பிடவும் இல்லை. ரசம் வீணாயிற்று.

பிப்ரவரி 12, திங்கள்

கோகிலா போட்டிக்கு வேண்டாம் என்கிறாள். இவன் போகிறேன் என்கிறான்.

"இந்த ஒண்ணு மட்டும்மா. இதுல மொதப் பரிசு வாங்கிட்டேன்னா பெட்டியக் கீழ வெச்சர்றேன். அப்பறம் நீ சொல்றதக் கேக்கறேன்."

"வாங்குலீன்னா?"

"வாங்குவேன்."

என் பேரன் சொன்னால் செய்வான். எதற்காகப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த வருடமும் போட்டி இருக்கிறதே.

பிப்ரவரி 17, சனி

ஓசூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானம். விடிவதற்குள் வந்து சேர்ந்தோம். நான் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். கோகிலா வரவில்லை.

எத்தனை விமானங்கள்! சண்டை விமானம், இரண்டடுக்கு இறக்கை விமானம், என்னென்னவோ. ஆனால் எல்லாமே கடையில் வாங்கின வழவழப்பு. எங்கள் புஷ்பக்கைச் சுற்றித்தான் கூட்டம். நான் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் இவன் என் மகள் வயிற்றுப் பேரன் என்று சொன்னேன்.

நடுவர்கள் வந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், பைலோடு ஒரு பெண். அந்தப் பெண் இறக்கைப் பக்கம் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"சார், இந்தத் தையலைப் பாருங்க. போட்டோல இருக்கற மாதிரியே இருக்கு. இந்தப் போட்டியில இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல." பிறகு தரணியிடம், "எப்படிங்க இவ்ளோ சீரா வந்தது?"

அவன் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினான். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அது இழுக்கற இழுப்புல இருக்குதுங்க அம்மிணி. முடிச்சத் துணிக்கு உள்ள தள்ளிரோணும்."

"ஓ, பாட்டிம்மா தைச்சதா?"

"பின்னே? இவன் கைக்கு இது வருமாக்கும்? ரெண்டு இறக்கையும் நான்தானுங்க."

சொல்லி முடிக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பைலை மூடினாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"தம்பி, முழுக்க நீங்களே செஞ்சதுன்னு உறுதி சொல்லித்தானே சேர்ந்தீங்க?"

"ஆமாங் சார்."

"துணி வேலையும் அதுல சேர்த்திதான். உங்களுக்குத் தெரியாததில்ல." அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கையில அடிகிடி பட்டிருந்துச்சா? ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லுங்க. பேசிப் பார்க்கலாம்."

காரணம் என் வாய்வரை வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து இந்த டைரியில் நான் எழுதாமல் எழுதிக்கொண்டிருந்த காரணம். சொன்னால் தையலை மன்னித்துவிடுவார்கள். ஆனால் நாளைக்குப் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள். தரணியின் கை காற்றில் துழாவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது.

"காரணமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். சோம்பேறித்தனமுங்க" என்றான்.

போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பேரைச் சொல்லிச் சொன்னார்கள்.

நாங்கள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பையன், "ப்ரோ, அடுத்த வருஷம் பாட்டியவே ஓட்டச் சொல்லுங்க" என்றான். அன்வர் அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். தரணிதான், "உடுடா, அவஞ் சொல்றதும் நெசந்தான்" என்று இழுத்துக்கொண்டு வந்தான்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேனில் ஏறும்போது, "படி உசரமுங்க அம்மாயி, பாத்து" என்றான். அவன் முழங்கால்தான் இடித்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

வீடு வந்தோம். பட்டுச் சேலையை மடித்து வைத்தேன். இனி அதைக் கட்டப் போவதில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாவு பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 22, வியாழன்

காங்கயத்திலிருந்து போன். "மொதப் பரிசுதானுங்களே?" என்றார்கள். "மழை வந்து நின்னு போச்சு" என்றேன். பிப்ரவரியில் மழை.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கோகிலா வந்து எதிரில் உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்து உரித்தாள்.

"அம்மா, சின்னச்சாமி மாமாவுக்கு இருந்ததேதான் இவனுக்கும்."

"அது அம்மையில வந்தது."

"இல்லம்மா. ரத்தத்துல வர்றதாம். பொம்பளைகளுக்கு ஒண்ணும் பண்ணாதாம். உங்ககிட்ட இருந்து எனக்கு, எங்கிட்ட இருந்து அவனுக்கு. சுத்தி இருட்டிக்கிட்டே வருமாம். இப்ப ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரிதான் தெரியுதாம். அதும் இந்த வருசம் தாண்டாதுங்கறாங்க. மருந்து கிடையாதாம்."

நான் உரித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு உரித்தேன் என்று தெரியவில்லை. சாம்பாருக்கு அவ்வளவு தேவையில்லை.

"நீங்க பேசுங்கம்மா. எதாச்சும் சொல்லுங்க."

பேசினதுதான் போதுமே.

பொழுதோடு தரணி வேலை விட்டு வந்தான். எப்போதும் "வா கண்ணு" என்பேன். வாய் வரவில்லை. "வா சாமி" என்றேன். அவன் சற்று நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

பிப்ரவரி 24, சனி

தரணி இறக்கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என் தையல்மேல் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரிச்சர்றேன் சாமி" என்றேன். "உன் கையாலயே தை. கோணலாப் போனாப் போகுது. அடுத்த வருசம்…"

"அடுத்த வருசம் யாருங்க ஓட்டறது?"

கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "உடுங்க அம்மாயி. நல்லாத்தான் இருக்குது. நாளைக்குக் குளத்துக்குப் போலாம். நீங்க பக்கத்துல நின்னு பேசிக்குடுங்க."

"அன்வர் இருக்கறானே."

"நீங்க நில்லுங்க."

பிப்ரவரி 25, ஞாயிறு

நல்ல வெயில். காற்று இல்லை. அன்வர் எஞ்சினை முடுக்கி வாலைப் பிடித்து விட்டான். புஷ்பக் ஓடி எழும்பிற்று. நான் தரணியின் தோளை ஒட்டி நின்று, அன்வர் சொல்வது போலவே சொன்னேன். அவனும் கேட்டான். குளத்தை வட்டமடித்தது. ஒரு கோணல் இல்லை.

கரைமேட்டிலிருந்து ஒரு ஆட்டு மந்தை இறங்கிற்று. "மடக்கிட்டு வந்தர்றேன்" என்று அன்வர் ஓடினான். நாங்கள் இரண்டு பேர்தான்.

"இப்ப எங்கீங்க?"

"கருவேலங்காட்டு மேல. இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பவில்லை. "அதுக்கு அப்பறம் வீடு கீடு எதும் இருக்குதுங்களா?"

"இல்ல, ரெண்டு மைலுக்கு முள்ளுதான். ஆளே போக முடியாது."

"செரிங்."

எஞ்சின் நின்றது.

அத்தனை சத்தத்துக்குப் பிறகு குளம் அடங்கிப் போயிற்று. ஆட்டு மணிகூடக் கேட்டது. நான் பதறி அவன் கையைப் பார்த்தேன். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை.

மேலே பார்த்தேன். மஞ்சள் இறக்கை கொஞ்ச தூரம் மிதந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தலைகுப்புற முள்ளுக்குள் போயிற்று.

"அம்மாயி, தெரியுதுங்களா?"

"தெரியுது சாமி."

"எப்படிப் போகுது?"

"திரும்பி வருது. நேரா வருது. நம்மளப் பாத்துத்தான்."

"எறக்கட்டுங்களா?"

"எறக்கு. மெதுவா. வண்டித்தடத்துக்கு நேரா இருக்குது. இன்னும் கொஞ்சம். போதும்."

அணைந்த பெட்டியின் குச்சியை அவன் கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிற்று.

"தொட்டுருச்சுங்களா?"

"தொட்டுருச்சு சாமி. தூசிகூடக் கெளம்பல."

தலையை ஆட்டினான். எஞ்சின் சத்தம் கடைசியாக வந்த திசையைப் பார்த்தபடி நின்றான். அங்கே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

அன்வர் முள்ளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் கொட்டினான். கையெல்லாம் கீறல். மஞ்சள் தேய்த்துவிட்டேன். இறக்கை நாலு துண்டாகிவிட்டது. துணிதான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

எஞ்சினைக் கழற்றி, துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தரணி உள்ளே படுத்திருந்தான்.

"பெட்ரோல் இருக்குது. ப்ளக் நல்லாருக்குது. எதுக்கு நின்னுச்சுன்னே புடிபடல அம்மாயி. நீங்கதான பக்கத்துல நின்னுட்டிருந்தீங்க. என்னாச்சுன்னு எதாச்சும் பாத்தீங்களா?"

"எனக்கு என்ன தெரியும் சாமி," என்றேன். "அஞ்சாவதோட நின்னவ நானு."